விடுதலைப் போராட்டம்: காலவரிசையா, ஒரே நிகழ்வை ஆழமாகவா?

பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது.

நேரம்: 1885 முதல் 1947 வரை காலவரிசையாக ஓட்டினால் ஆறேழு பாடவேளை போதும். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் ஒன்றை முழுதாக எடுத்தாலே மூன்று போய்விடும்.

தேர்வு: காலக்கோடு, பொருத்துக கேள்விகளுக்குக் காலவரிசைதான் கைகொடுக்கும்.

புரிதல்: இங்கேதான் ஆழமான பாடம் வெல்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏன் கிளம்பினார்? 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததும் அதே தேதிதான். உப்பு வரி ஏழையையும் தொட்டது. அதனால் ஊர் ஊராக ஆதரவு. மாணவர் வரைபடத்தில் தஞ்சை, கும்பகோணம் வழியாகக் கோடு இழுத்துப் பார்த்தால் அது மறக்காது.

சறுக்கல்: காலவரிசையில் காரணம் உதிர்ந்துவிடும். 1922-இல் ஒத்துழையாமை ஏன் நின்றது என்றால் விழிப்பார்கள். காவல் நிலையம் எரிக்கப்பட்ட சௌரி சௌரா நிகழ்வு நினைவுக்கு வராது. ஆழப் பாடத்திலோ காந்தியின் தண்டி யாத்திரை முந்தியதா, வேதாரண்யமா என்றே தடுமாறுவார்கள்.

பொதுத்தேர்வு நெருங்கிய வகுப்புக்குக் காலவரிசை. ஒன்பதாம் வகுப்புக்கு, அவசரம் இல்லாததால், வேதாரண்யமே சரி. சுவரில் ஒரு காலக்கோடு மட்டும் தொங்கட்டும்.