துபாயில் வேலை: துபாயிலேயே வீடா, ஷார்ஜாவிலா?

துபாயில் வேலை உறுதியானதும் பலரைக் குழப்பும் கேள்வி இது. இரண்டு ஊர்களும் ஒட்டியே இருக்கின்றன; அல் நஹ்தா என்ற பெயரில் எல்லைக்கு இருபுறமும் குடியிருப்புகள் உண்டு.

வாடகை: துபாயில் அதிகம். ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாக, மாதத் தவணைகளில் மின்கட்டணத்துடன் சேர்ந்தும் வரும்.
ஷார்ஜாவில் அதே தொகைக்குப் பெரிய வீடு கிடைக்கும்.

பயணம்: இங்கேதான் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 2009இல் தொடங்கிய துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்குள் செல்வதில்லை. காலையில் எல்லோரும் துபாயை நோக்கி, மாலையில் எல்லோரும் ஷார்ஜாவை நோக்கி. இரு ஊர்களையும் இணைக்கும் அல் இத்திஹாத் சாலையில் அரை மணி நேரப் பயணம் நெரிசலில் ஒன்றரை மணி நேரமாகிவிடும். சொந்தக் காருக்கு எரிபொருள், சுங்கம் என்று செலவும் உண்டு. குழந்தை விழித்திருக்கும்போது வீடு திரும்ப முடியாத தகப்பன்மார்களைப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கிறது. மிச்சமாகும் வாடகைக்கு அது மிகப் பெரிய விலை.

சூழல்: ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை, குடும்பங்களுக்கு அமைதியான இடம்.
துபாயின் கராமா, பர் துபாய் பகுதிகளில் நம் உணவகங்களும் மளிகைக் கடைகளும் நடந்துபோகும் தூரத்தில்.

தனியாக வருபவர் மெட்ரோ நிலையத்தின் அருகே அறையைப் பகிர்ந்துகொள்ளலாம். குடும்பத்துடன் வருபவருக்கு, அலுவலகம் துபாயில் ஷார்ஜா எல்லையை ஒட்டிய கிசைஸ் பக்கம் என்றால் ஷார்ஜா அல் நஹ்தா பொருந்தும். துபாயின் மறுகோடியில் இருக்கும் ஜெபல் அலியில் வேலை என்றால் ஷார்ஜா வேண்டவே வேண்டாம்.