வாட்ஸ்அப் குழுவா, துண்டுச்சீட்டா: எங்கள் பள்ளியில் எது எடுபட்டது?

2024இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது நானும் ஓர் உறுப்பினரானேன். அப்போது மகள் மூன்றாம் வகுப்பு. விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 58 பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். முதல் கூட்டத்துக்கு வந்தது ஒன்பது பேர். கூட்டம் நடப்பதே தெரியாது என்றார்கள் மற்றவர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீடுகளுக்குச் செய்தி போய்ச் சேர ஒரு வழி பாருங்கள் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். தையல் மிஷினோடு நாளெல்லாம் வீட்டில் இருப்பவள்தானே என்ற எண்ணம்.

ஒருவர் ஆட்டோவில் மைக் கட்டலாம் என்றார். தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்று 2022இல் அரசே சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் மாதாமாதம் ஆட்டோ வாடகையை யார் தருவது? வீடுவீடாகப் போன் போடுவதை ஒரே ஒரு மாதம் செய்து பார்த்தேன். ஒரு தாய் எடுத்தால் இருபது நிமிடம் போகும், அதில் பள்ளியைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிடம். கடைசியில் மிஞ்சியது இரண்டுதான்: வாட்ஸ்அப் குழு, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பும் துண்டுச்சீட்டு.

வாட்ஸ்அப்பின் நல்லதை நான் விளக்க வேண்டியதில்லை. காசு கிடையாது, நொடியில் போகும், படம் அனுப்பலாம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் சொல்லலாம். மழைக்கு விடுமுறை என்று காலை ஆறரைக்குத் தெரிந்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. காலை வணக்கப் பூக்களும் சாமி படங்களும் வந்து குவிவதைக்கூட, அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று மாற்றி ஒரே நாளில் நிறுத்திவிட்டோம்.

நான் முட்டி நின்றது வேறோர் இடத்தில். அந்தப் போன் யார் கையில் இருக்கிறது?

பிப்ரவரி 10, குடற்புழு நீக்க நாள். பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருவார்கள், யாரும் லீவு போட வேண்டாம் என்று முந்தின நாள் குழுவில் போட்டோம். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. பரவாயில்லையே என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் பார்த்தால் ஏழு பிள்ளைகள் வரவில்லை. ஒரு பையனின் அப்பா முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டவர். அவர் இருந்தது பெங்களூரில், கட்டட வேலையில். பையன் ஆயாவோடு பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தான். விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் மாத்திரை தருவார்கள் என்பதால் அந்த முறை தப்பித்தோம்.

அதன்பிறகு உட்கார்ந்து குழுவிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்குப் பாதி அப்பாக்களின் எண். அவர்களில் பலர் பெங்களூர், சென்னை, திருப்பூர். ஏன் அம்மாவின் எண்ணைத் தரவில்லை என்று கேட்டால் சிலர் பதில் சொல்லவில்லை, சிலர் நேராகவே சொன்னார்கள்: குழுவில் சேர்ந்தால் ஊர் ஆம்பளைங்க எல்லாருக்கும் நம்பர் தெரியும், ராத்திரி எவனாவது மெசேஜ் போட்டால் வீட்டில் யாருக்குப் பதில் சொல்வது? அந்தப் பயம் நியாயமானது. ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாமல் எல்லாருக்கும் அனுப்ப வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறதே என்று அதையும் முயன்றேன். என் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் அது போகும். பதியச் சொல்வதற்கு நான் அவரவர் வீட்டுக்கு நடக்க வேண்டும். நடப்பதென்றால் செய்தியையே சொல்லிவிட்டு வந்துவிடலாமே! போதாததற்கு ரீசார்ஜ் தீர்ந்த போன்கள், ஆறு மாதத்துக்கொரு முறை மாறும் சிம்கள். காசு கிடையாது என்று சொன்னேன் அல்லவா, இந்தப் பராமரிப்பைக் கணக்கில் சேர்க்காமல் சொன்னது அது.

சீட்டு அப்படியில்லை. பிள்ளை எங்கே தூங்குகிறதோ அங்கே போய் நிற்கும். அம்மா இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் ஆயா, சித்தி. பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புகிறவர் கைக்கு அது வருகிறது. எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

செலவைச் சொல்கிறேன். ஒரு ஏ4 தாளில் எட்டுச் சீட்டு. அண்ணன் தம்பிகளைக் கழித்தால் 46 வீடு, ஆறு தாள், ஜெராக்ஸ் தாளுக்கு இரண்டு ரூபாய். வெட்டுவது என் துணிக் கத்தரி, மழுங்கிப் போகிறது என்ற வருத்தம் எனக்குண்டு. வீட்டுக்கு ஒன்று, மூத்த பிள்ளையின் கையில். நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஆயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். கிட்டத்தட்ட வாசிப்புப் பயிற்சி என்கிறார் டீச்சர்.

சீட்டின் கீழ்ப்பாதியைக் கிழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வருவேன், வர முடியாது, சொல்ல விரும்புவது என்று மூன்றே வரி, கையெழுத்தோ கைநாட்டோ. முதல் மூன்று மாதம் மூன்றாவது வரி காலியாகவே வந்தது. நான்காவது மாதம் ஒரு பேத்தியின் கோணல் எழுத்தில், "ஆயா கேக்குது கக்கூசுல தண்ணி ஏன் வரல". அதை அப்படியே கூட்டத்தில் வாசித்தோம். குழாய் சரியாக இரண்டு மாதம் ஆனது, ஆனால் ஆனது. ஆம்பளைகளும் ஹெச்.எம். சாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆயா இதைக் கேட்டிருக்கவே மாட்டார். போன மாதக் கூட்டத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். சீட்டால்தான் வந்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் அன்று சுண்டலும் இருந்தது.

சீட்டுக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். சட்டைப் பையிலேயே துவைத்துவிடுவார்கள். மதியத்துக்குள் சில சீட்டு ராக்கெட்டாகப் பறக்கும். அவசரச் செய்திக்கு அது உதவவே உதவாது. அதனால் வாட்ஸ்அப் குழுவைக் கலைக்கவில்லை. மழை விடுமுறைக்கும், வெளியூரில் இருக்கும் அப்பாக்கள் ஆண்டு விழாப் படம் பார்ப்பதற்கும் வைத்திருக்கிறோம். அவர்களும் பெற்றோர்தானே. காலை உணவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் எட்டு மணி வாக்கில் வாசலில் ஒரு கரும்பலகையும் நிற்கிறது. சீட்டு தொலைத்தவர் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் நகரத்துப் பள்ளிக்கு இது சரிப்படுமா என்றால், எனக்கு அந்த அனுபவம் இல்லை. என் தங்கை பிள்ளை படிக்கும் தனியார் பள்ளியில் தனி ஆப் வைத்திருக்கிறார்கள், அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே எல்லா அம்மா கையிலும் போன் இருக்கிறது.

இப்போது என் கவலை ஜூன் மாதத்தைப் பற்றியது. சீட்டைப் பத்திரமாகக் கொண்டுபோகும் அக்காக்கள் பலர் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விடுவார்கள். என் மகளும் அடுத்த வருஷம் போய்விடுவாள். பொறுப்பு ஒன்றாம் வகுப்புத் தம்பிகள் கைக்கு வரும். சட்டையில் ஊக்கு குத்தி அனுப்பலாம் என்கிறார் டீச்சர். ஊக்கு வேண்டாம், குத்திக்கொள்வார்கள். வேண்டுமானால் ஆளுக்கொரு சின்னத் துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.