வானம் பார்த்த மிளகாய்: செங்டூவில் ஒரு ஹாட்பாட் கடை

மதுரை கீழமாசி வீதியில் மிளகாய் வத்தல் வியாபாரம் எங்களுக்கு மூன்று தலைமுறைத் தொழில். ராமநாதபுரம் முண்டும் சம்பாவும் சாக்கு சாக்காக வந்து இறங்கும் கடையில் வளர்ந்தவன் நான். சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்குப் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. என் மனைவி பாண்டாவைப் பார்க்க வந்தாள்; நான் மிளகாயைப் பார்க்கப் போனேன்.

பாண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை: மாகாணத் தலைநகர் செங்டூவில் உள்ள பாண்டா மையத்துக்குக் காலை ஏழரைக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் படுத்துவிடும். கரும்பைக் கடிப்பது போல அவை மூங்கிலைக் கடிக்கும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. மனைவிக்கு மனம் நிறைந்துவிட்டது.

அங்கிருந்து மெட்ரோவில் சிபூ நிலையம், பிறகு அரை மணி நேர ரயிலில் துஜியாங்யான். ஆற்றுத் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் பழைய பாசன அமைப்பு இருக்கும் ஊர். மேலூர்ப் பக்கம் தாத்தாவுக்கு நிலம் இருந்தது. வைகையில் பேரணையில் பிரிந்து வரும் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று வீடே காத்திருந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அதனால் 'மீன்வாய்' என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கரை முனையில் நின்றபோது நகர மனம் வரவில்லை. கி.மு. 256 வாக்கில் லீ பிங் என்ற ஆளுநர் தொடங்கிய வேலை. குறுக்கே அணை கட்டாமல், மூங்கில் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கி, மின் ஆற்றை இரண்டாகப் பிரித்திருக்கிறார். உள் வாய்க்கால் ஆழம், வெளி வாய்க்கால் அகலம். ஆற்றில் நீர் குறைந்தால் நூற்றில் ஏறக்குறைய அறுபது பங்கு உள் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். வெள்ளம் வந்தால் அதே அறுபது பங்கு வெளியே திரும்பிவிடும். அவர் அமைத்த முறையில் மதகைத் திறக்க ஆள் தேவைப்படவில்லை. வெடிமருந்து இல்லாத காலத்தில் பாறையை நெருப்பால் சுட்டு, தண்ணீர் ஊற்றிப் பிளந்து குன்றை வெட்டியிருக்கிறார்கள். இன்றும் அந்தத் தண்ணீரில்தான் செங்டூ சமவெளி விளைகிறது. லீ பிங்குக்கும் அவர் மகனுக்கும் மேலே கோயில் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் படத்துக்கு மாலை போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோயில் அந்நியமாகத் தெரியாது. டிக்கெட் 80 யுவான், கொடுக்கலாம்.

இனி சாப்பாடு. செங்டூவில் வூஹோ கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது இந்த ஹாட்பாட் கடை. மேசையில் கொதிக்கும் குழம்புச் சட்டியில் வேண்டியதை நாமே போட்டு வேகவைத்துச் சாப்பிடுவதுதான் ஹாட்பாட். பெயர்ப்பலகை முழுக்கச் சீன எழுத்து. வாசலில் முக்கால் மணி நேரம் முக்காலியில் காத்திருந்தோம்; கொறிக்கச் சூரியகாந்தி விதை கொடுத்தார்கள். ஒரு குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய வழக்கமான சிவப்புக் குழம்பு மாட்டுக் கொழுப்பில் காய்ச்சியது. மனைவி மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாள் என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டிய பிறகும் கொழுப்புக் கட்டி மிதக்கும் சட்டிதான் வந்தது. திரும்பச் சொன்னதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் காசும் வாங்கவில்லை. நீங்கள் போனால் 'சிங் யோ' என்று கேளுங்கள். தாவர எண்ணெய்க் குழம்பு வரும். 'நியூ யோ' என்றால் மாட்டுக் கொழுப்பு.

நடுவே தகடு வைத்த சட்டி. ஒரு பக்கம் காளான் போட்ட வெள்ளைச் சாறு, மறுபக்கம் வத்தல் மூடிய சிவப்புக் குழம்பு. கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் பரப்பினேன். நீளமாக, தோல் மெல்லியதாக ஒரு ரகம். முண்டு போலவே உருண்டு ஒரு ரகம். விரல் நுனி அளவில் ஒன்று. சிறியதன் பெயருக்கு 'வானத்தை நோக்கும் மிளகாய்' என்று பொருளாம். செடியில் காய் மேல்நோக்கி நிற்பதால் அந்தப் பெயர். வானம் பார்த்த பூமியில் விளைந்த மிளகாயை விற்றே வாழும் எனக்கு அதைக் கேட்டதும் உடல் சிலிர்த்தது.

காரம் நம் சம்பாவைத் தாண்டவில்லை. அவர்கள் வத்தலைக் காரத்துக்காக மட்டும் போடுவதில்லை, வாசனைக்காகப் போடுகிறார்கள். அடியில் இறங்கும் ருசி டோபன்ஜியாங்: அகன்ற அவரைப் பருப்பையும் மிளகாயையும் உப்பிட்டு, ஜாடியில் மாதக்கணக்கில் புளிக்க வைத்த விழுது. நாங்கள் ரயில் ஏறிய சிபூ இருக்கும் பிடு மாவட்டம்தான் அதற்குப் பெயர் போன ஊர்.

ஆனால் அந்தக் குழம்பின் உயிர் ஹுவாஜியாவ். மிளகளவு காய், வெடித்து இரண்டாகப் பிளந்த தொலி, உள்ளே இருந்த கறுப்பு விதையை நீக்கிவிடுகிறார்கள். ஒன்றை முன்பல்லில் கடித்தேன். முதலில் எலுமிச்சைத் தோல் வாசனை. பத்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு நாக்கு நுனி துடிக்க ஆரம்பித்து, உதடு வரை மெல்ல மரத்தது. அந்த மரத்த நாக்கில் மிளகாயின் எரிச்சல் அடங்கி அதன் மணம் மட்டும் மேலே வந்தது. மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சரக்கு. அதற்கு முன்பே நம் அடுப்பில் மிளகு இருந்தது போல, அவர்கள் அடுப்பில் இது இருந்திருக்கிறது.

தொட்டுக்கொள்ளக் கிண்ணம் நிறைய நல்லெண்ணெய், நசுக்கிய பூண்டு. இட்லிப் பொடிக்கு எண்ணெய் ஊற்றிப் பழகிய கைக்கு இது சொந்த வீட்டுச் சாப்பாடு. தாமரைக் கிழங்கு, உருளைக்கிழங்கு, மீன் துண்டு, டோஃபு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 196 யுவான். தாமரைக் கிழங்கை மட்டும் இரண்டு முறை வாங்கினோம்.

வரும்போது அரைக் கிலோ ஹுவாஜியாவ் வாங்கி வந்தேன். கடை மேசையில் பாட்டிலில் வைத்து, வத்தல் வாங்க வருகிறவர்கள் கையில் இரண்டு தொலியைக் கொடுத்துக் கடிக்கச் சொல்கிறேன். சிம்மக்கல் மெஸ்காரர் ஒருவர் மட்டன் சுக்காவில் போட்டுப் பார்க்க நூறு கிராம் வாங்கிப் போயிருக்கிறார்.