குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு: இறப்புச் சான்றிதழுக்கு இடைத்தரகரிடம் போகாதீர்கள்

கேரள எல்லையை ஒட்டி, மார்த்தாண்டம், களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்காக நான் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் ஐந்து மாதம் நின்றது. அரசு அலுவலகத்தில் போலிச் சான்றிதழ் கொடுத்தவன் என்று என்மீது வழக்கு வந்திருந்தாலும் நான் கேள்வி கேட்டிருக்க முடியாது.

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2024 ஆகஸ்டில் மூச்சுத் திணறல் கூடியபோது, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல் நாங்களும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். ஆறாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. விடிவதற்குள் ஆம்புலன்ஸ் களியக்காவிளையைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அன்று மாலையே எங்கள் விளையில் (வீட்டுத் தோட்டத்தில்) தகனம் முடிந்தது. ஆக, அவர் இறந்தது திருவனந்தபுரத்தில். இறந்த தேதி, தகனத்துக்கு முந்தைய நாள். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடியந்திரம் (பதினாறாம் நாள் சடங்கு) முடிந்த மறுநாள், சொந்தக்காரர் ஒருவர் என்னை ஓர் இடைத்தரகரிடம் அழைத்துப்போனார். தாலுகா அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஒரு நகல் எடுக்கும் கடை. அதன் உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் எதுவானாலும் முடித்துத் தருவதாகப் பெயர். ஐம்பது வயதுக்கு மேல், நெற்றியில் சந்தனம், பேச்சில் அவ்வளவு பரிவு. "மக்களே, கேரளத்தில் போய் நீ அலைந்தால் ஆறு மாதம் ஆகும். மலையாளத்தில் எழுதித் தருவார்கள், அதை இங்கே ஒருவரும் ஏற்கமாட்டார்கள். அங்கே எனக்கு ஆள் இருக்கிறது, என்னிடம் விட்டுவிடு" என்றார்.

அவர் சொன்னது முழுக்கப் பொய். கேரளத்தில் தரும் சான்றிதழில் மலையாளத்தோடு ஆங்கிலமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவும் கேரளப் பதிவும் 1969-ஆம் ஆண்டின் ஒரே மத்தியச் சட்டத்தின்கீழ் நடப்பவை. அங்கே பெற்ற சான்றிதழ் இங்கே செல்லும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. பதினாறு நாள் சரியாகத் தூங்காத மனிதனுக்கு, "என்னிடம் விட்டுவிடு" என்று யாராவது சொன்னாலே போதும் என்றிருக்கும். அதை நம்பித்தான் அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் நாலாயிரத்து ஐந்நூறு வாங்கினார். அப்பா, அம்மா இருவரின் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், மருத்துவமனை கொடுத்த இறப்புக் குறிப்பின் அசல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். அசலைக் கையைவிட்டுக் கொடுத்தது என் முதல் தவறு. இரண்டு வாரம் கழித்து, "அங்கே உள்ள ஆளுக்கு" என்று மேலும் மூவாயிரம். ரசீது கேட்டதற்கு, "துக்க வீட்டுக் காரியத்துக்கு ரசீதா கேட்பார்கள்?" என்று வருத்தப்பட்டார். நானும் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

சான்றிதழ் வந்தது. அரசு முத்திரை, கியூஆர் குறியீடு, கையெழுத்து எல்லாம் இருந்தன. ஆனால் இறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் வீட்டு முகவரி இருந்தது. கேட்டேன். "நிரந்தர முகவரியைத்தான் போடுவார்கள், அது அப்படித்தான் வரும்" என்றார். அப்படி வராது. இறந்த இடத்துக்கு ஒரு கட்டம், நிரந்தர முகவரிக்கு வேறு கட்டம் என்று தனித்தனியாகவே இருக்கும். தேதியும் தவறு என்பதை வீட்டுக்குப் போனபின் என் தங்கைதான் கண்டாள். தகனம் நடந்த நாளை இறந்த நாளாகப் போட்டிருந்தார்கள். அப்போதே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஒரு நாள் முன்பின்னால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்து, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சார்நிலைக் கருவூலத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண் அலுவலர் கைப்பேசியை எடுத்து அந்தக் குறியீட்டைப் படித்துப் பார்த்தார். திரையில் வந்தது மதுரைப் பக்கத்தில் பிறந்த ஏதோ ஒரு குழந்தையின் பிறப்புப் பதிவு. அவர் குரலை உயர்த்தவில்லை. தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "சார், இதை வேறு எந்த அலுவலகத்திலும் காட்டாதீர்கள். முதலில் உங்கள் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள்" என்றார். அவர் நினைத்திருந்தால் அங்கேயே போலீஸை அழைத்திருக்கலாம். அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கிராம நிர்வாக அலுவலர் பார்த்த உடனே, "இது என் கையெழுத்தே இல்லை" என்றார். பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது: "உங்கள் அப்பா எங்கே இறந்தார்?" திருவனந்தபுரம் என்றேன். "அப்படியானால் நான் எப்படிப் பதிய முடியும்? எந்த இடத்தில் உயிர் போனதோ அந்த இடத்துப் பதிவாளர்தானே பதிய வேண்டும்" என்றார். ஏழாயிரத்து ஐந்நூறு வாங்கிய ஆள் இந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் குழித்துறையில் ரயில் ஏறினேன். திருவனந்தபுரம் மாநகராட்சியில் விசாரித்தால், மருத்துவமனை அப்பாவின் இறப்பை எட்டாம் நாளே அனுப்பிப் பதிவும் முடிந்திருந்தது. நான் அந்தக் கடையின் வாசலில் போய் நின்றதற்கு ஒரு வாரத்துக்கும் முன்பே, உண்மையான பதிவு எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. கேரளத்தின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 2024 ஜனவரியிலிருந்து கே-ஸ்மார்ட் என்ற இணையச் சேவை நடக்கிறது. வீட்டிலிருந்தே விண்ணப்பித்திருக்கலாம்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். பதிவில் அப்பாவின் பெயர் தவறாக இருந்தது. தலைப்பெழுத்து இல்லை, வீட்டுப் பெயரைக் கடைசியில் சேர்த்து எழுதியிருந்தார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மருத்துவமனையில் சேர்த்த அன்று நுழைவுச் சீட்டில் எழுதிய பெயர். அவசரத்தில் என் மைத்துனர் வாயால் சொன்னதை, அங்கே இருந்தவர் தம் வழக்கப்படி எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தச் சீட்டில் இருந்த பெயரே மருத்துவமனைப் பதிவேட்டுக்குப் போய், அங்கிருந்து இறப்புப் பதிவுக்கும் போய்விட்டது. திருத்துவதற்கு விண்ணப்பம், ஆதார், அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தின் நகல், மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் என்று கேட்டார்கள். அந்தக் கடிதத்துக்கு மட்டும் மூன்று முறை ரயில் ஏறினேன். எல்லைக்கு அப்பால் யாரையாவது சிகிச்சைக்குச் சேர்க்கும்போது, ஆதார் அட்டையைக் கையில் கொடுத்து அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இதைச் சொல்ல மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள்.

திருத்திய சான்றிதழ் கிடைத்தபிறகுதான் ஓய்வூதிய வேலை நகர்ந்தது. நிலுவையும் சேர்ந்து வந்துவிட்டது. ஆனால் அந்த ஐந்து மாதம் அம்மாவுக்கு மருந்து வாங்க என் தங்கை நகையை அடகு வைத்திருந்தாள். நகையை மீட்ட பிறகே எனக்கு அது தெரிந்தது.

தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருத்துவமனையில் இறந்தால் பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு; வீட்டில் இறந்தால் குடும்பத்தின் பொறுப்பு. எங்கே தெரிவிப்பது என்பது இறந்த இடத்தைப் பொறுத்தது. நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சி. கிராமத்து வீட்டில் என்றால் கிராம நிர்வாக அலுவலர். எல்லைக்கு அப்பால், கேரளத்தின் பாறசாலையில் என்றால் பாறசாலை ஊராட்சி. நெய்யாற்றின்கரையில் என்றால் அந்த நகராட்சி. 21 நாளுக்குள் தெரிவித்துவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது. 30 நாள் கடந்தால் மேல் அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு பெற்றுத்தான் பதிய முடியும். அலைச்சல் உண்மையில் தொடங்குவது அங்கேதான். இடைத்தரகர்கள் பிழைப்பதும் அதை வைத்துத்தான். தமிழ்நாட்டில் பதிவான இறப்பென்றால், அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு இணையதளத்திலிருந்து சான்றிதழை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். யாரும் யாருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

மருத்துவமனை கையில் தரும் குறிப்பையே இறப்புச் சான்றிதழ் என்று நினைத்துப் பத்திரப்படுத்துகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வங்கிக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அது போதாது. பதிவாளர் தரும் சான்றிதழ்தான் வேண்டும். இறப்புக்கான காரணத்தைக் குறித்து மருத்துவர் தரும் சான்று வேறு. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டபின் அதன் நகலையும் நெருங்கிய உறவினருக்கு இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஆளிடம் திரும்பப் போனேன். "எனக்கும் வேறொருவன்தான் கொடுத்தான், நான் என்ன செய்வேன்" என்றார். மருத்துவமனைக் குறிப்பின் அசலைக் கேட்டால், தொலைந்துவிட்டதாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்தேன். போலிச் சான்றிதழையும் புகாரோடு ஒப்படைத்துவிட்டேன். அதை வீட்டில் வைத்திருப்பதற்கே பயமாக இருந்தது.

கடை ஒரு மாதம் மூடிக் கிடந்தது. இப்போது மீண்டும் திறந்திருக்கிறது, அதே மேசை, அதே ஆள். போன வாரம் அந்த வழியாகப் போனபோது, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டி கையில் பிளாஸ்டிக் கவரோடு அங்கே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய், "பாட்டி, இறந்தவர் எங்கே இறந்தார்?" என்று கேட்டேன். "வீட்டில்தான் மக்களே, போன மாதம் ஓணத்தன்று" என்றார். 30 நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கவரை அவர் கையிலிருந்து விடாமல் அப்படியே அழைத்துக்கொண்டு போய் அவர் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

இதே போல் யாரிடமாவது ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியிருந்தால், அதிலுள்ள குறியீட்டை இன்றே கைப்பேசியில் படித்துப் பாருங்கள். பெயர், தேதி, இறந்த இடம், பதிவு எண் நான்கும் திரையில் வருவதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வங்கிக்கோ கருவூலத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். சாட்சி சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.