தாமதமாகும் புதிய கார்: காத்திருப்பதா, ரத்து செய்வதா?

முன்பணம் கட்டி மாதங்கள் ஓடியும் "அடுத்த மாதம்" என்ற பதிலே வருகிறதா? முதலில் முன்பதிவு ரசீதின் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள்.

பணம்
காத்திருந்தால்: பல ஒப்பந்தங்களில் கார் கைக்கு வரும் நாளின் விலையே செல்லும். பழைய விலை உறுதி என்று எழுத்தில் இருந்தால் அதை எளிதில் விட்டுவிடாதீர்கள்.
ரத்து செய்தால்: பிடித்தம் இருக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்ட தேதி எழுத்தில் இருந்து, அது தவறியிருந்தால், முழுத்தொகையைக் கேட்க வலு கூடும். வாய்வார்த்தை உதவாது.

பழைய கார்
காத்திருந்தால்: டயர், பேட்டரி, காப்பீடு எனச் செலவு தொடரும், புதிய காருக்கு மாற்றாகக் கொடுத்தால் அதற்குக் கிடைக்கும் விலையும் இறங்கும்.
ரத்து செய்தால்: வேறு கார் உடனே கிடைத்தால்தான் இது மிச்சம். புது வரிசையில் கடைசியில் நிற்பதானால் பயனில்லை.

கிடைக்கும் கார்
2021-இல் சிப் (காரின் மின்னணு வசதிகளை இயக்கும் சிறு பாகம்) தட்டுப்பாட்டின்போது சில நிறுவனங்கள் ஒருசில வசதிகளை நீக்கியே கார்களை அனுப்பின. ஆகவே நீங்கள் கேட்டது அப்படியே வருமா என்று எழுத்தில் கேளுங்கள். தாமதம் நிறத்தாலோ வகையாலோ என்றால், அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி ஒன்றே: உங்கள் பெயருக்குச் சேசிஸ் எண் (ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண்) ஒதுக்கப்பட்டுவிட்டதா? ஆம் என்றால் பொறுத்திருங்கள். எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, பழைய காரும் தினமும் தொல்லை தருகிறது என்பவர்கள் ரத்துக் கடிதத்தை இன்றே எழுதலாம். மாற்றுக் காரை உறுதி செய்த பிறகு அனுப்புங்கள்.