பசார் மாலாமில் 'வெள்ளை பாவாங் டாயாக்' விற்கிறார்கள், வாங்காதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூலிகைக் கிழங்கு விற்கும் ஓர் ஆளைப் பற்றிய பதிவு இது. பாவாங் டாயாக் என்பது இனிப்புநீருக்கு (சர்க்கரை நோய்க்கு) நல்லது என்று சிலர் குடிக்கும், பார்க்கச் சின்ன வெங்காயம் போன்ற சிவப்பு மூலிகைக் கிழங்கு. "பாவாங் டாயாக்கில் ரெண்டு சாதி அக்கா. சிவப்பு சாதாரணம், வெள்ளைதான் வீரியம்" என்று சொல்லி, இனிப்புநீர் உள்ள என் அத்தையிடம் ஒரு பொட்டலத்தை 20 வெள்ளிக்குத் தள்ளிவிட்டார். அத்தை அதை நறுக்கிக் கொதிக்க வைத்துக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் பிடித்த வாந்தி இரவு முழுக்க விடவில்லை, கடைசியில் ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்ற வேண்டியதாயிற்று.

மிச்சக் கிழங்கைத் தொட்டியில் ஊன்றிப் பார்த்தோம். வந்தது மழை லில்லி! வேலியோரம் அழகுக்கு வைப்போமே, மழை விட்டதும் பூக்குமே, அதேதான். அதன் கிழங்கில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது, வாந்தி வந்ததில் ஆச்சரியமே இல்லை.

அந்த ஆள் கெட்டிக்காரர். "கசக்கிப் பாருங்க, வெங்காய வாசனை வராது, அதுதான் அசல்" என்று கையில் கொடுத்தே காட்டுகிறார். பேச்சில் பாதி உண்மை. பாவாங் டாயாக் வெங்காயக் குடும்பமே இல்லை, அதற்கும் அந்த வாசனை கிடையாது. ஆனால் மழை லில்லிக்கும் கிடையாதே! நம் ஊர் நரிவெங்காயத்துக்கும் கிடையாது, அது இதயத்தையே பாதிக்கும். வாசனை இல்லாவிட்டால் அது வெங்காயம் இல்லை என்று மட்டும்தான் தெரியும், பாவாங் டாயாக் என்று ஆகிவிடாது.

கிழங்கை வெட்டச் சொல்லுங்கள். பாவாங் டாயாக் வெளித்தோல் மட்டுமல்லாமல் உள் அடுக்குகளும் இரத்தச் சிவப்பாக இருக்கும். மழை லில்லிக்குத் தோல் பழுப்பு, உள்ளே வெள்ளை. இலை இருந்தால் இன்னும் சுலபம். பாவாங் டாயாக் இலை தென்னங்கன்றின் இலைபோல நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும், மழை லில்லி இலை வழுவழுவென்று புல் மாதிரி. இவர் இலையை ஒட்ட நறுக்கிவிட்டுத்தான் விற்கிறார், காரணம் இப்போது புரிகிறது. பூவை வைத்தும் குழப்புவார், இரண்டிலும் வெள்ளைப் பூ உண்டு. மழை லில்லியில் தண்டுக்கு ஒரு பூதான். பாவாங் டாயாக்கில் சின்னப் பூக்கள் கிளைத்த தண்டில் வரும், அதுவும் சாயங்காலம்தான் விரியும்.

அசல் சிவப்பே கிடைத்தாலும் சரி, அதை நம்பி இனிப்புநீர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். காப்சூலாக விற்றால் டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணைத் தேடுங்கள்.

மறுவாரம் போய்க் கேட்டதற்கு, "உடம்புச் சூடு வெளியே போகுது, அதான் வாந்தி" என்றார். பணமும் தரவில்லை, ரசீதும் இல்லை. உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுத்திருக்கிறோம். இவரிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் கிழங்கைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வைத்துவிட்டு நீங்களும் புகார் கொடுங்கள். ஏற்கெனவே குடித்துவிட்டு வயிற்றைப் பிரட்டினால் கிழங்கையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன செடி என்று சந்தேகம் இருந்தால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தை டாக்டர்கள் கேட்டுக்கொள்வார்கள்.