எத்தியோப்பியா – எரித்திரியா: மக்களுக்குப் பலன் தந்தது 2000 ஒப்பந்தமா, 2018 ஒப்பந்தமா?

1998இல் தொடங்கிய எல்லைப் போரை முடித்த அல்ஜியர்ஸ் ஒப்பந்தம் (2000) காகிதத்தில் கச்சிதம். எல்லையை வரையறுக்க ஆணையமே உண்டு. ஆனால் 2002இல் எல்லை ஊரான பட்மே எரித்திரியாவுக்கு என்று அது தீர்ப்பளித்ததும் எத்தியோப்பியா இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் பதினாறு வருடம் முழுப் போரும் இல்லை, உறவும் இல்லை.

2018 ஜூலையில் எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுவும் எரித்திரிய அதிபர் இசையாஸ் அஃபெவர்கியும் எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவில் கையெழுத்திட்டது சில வரிகள்தான். ஆனால் உடனே தொலைபேசி இணைப்பு வந்தது, விமானம் பறந்தது, பிரிந்த குடும்பங்கள் கட்டிக்கொண்டு அழுதன. செப்டம்பரில் எல்லை திறந்தது. சில மாதங்களில் ஒவ்வொரு சாவடியாக மூடியது. சுங்கம், விசா பற்றி விதிமுறை இருந்தால்தானே! அபிக்கு 2019 நோபல் பரிசு மட்டும் வந்து சேர்ந்தது.

மக்களுக்குப் பலன் தந்தது இரண்டாவதுதான், கொஞ்ச நாளுக்கு என்றாலும்.